பதினாறாம் வாய்ப்பாடும் சுப்புத்தாயின் பசுவும்

அன்புள்ள ரங்கா,

உன் கடிதம் திங்கட்கிழமை வந்தது. கல்யாணப் பத்திரிகையில் யார் பெயர் முதலில் வரவேண்டும் என்று இரண்டு பக்கம் எழுதிவிட்டு, கடைசிப் பக்கத்தின் ஓரத்தில் மூன்று வரியை நெருக்கி எழுதியிருந்தாய். கம்பெனி டாக்டர் உன் நெஞ்சில் ஏதோ சத்தம் கேட்கிறது என்றாராம். எக்கோ எடுத்துப் பார்க்கச் சொன்னாராம். ‘கல்யாணத்துக்கு ரெண்டு மாசம் இருக்கும்போது இது தேவையில்லாத வேலை, எனக்கு ஒண்ணும் இல்லப்பா’ என்று முடித்திருந்தாய். அந்த மூன்று வரியை நான் நான்கு நாளாகப் படித்துக்கொண்டிருக்கிறேன். போனில் பேசினால் எனக்குச் சொல்ல வந்தது பாதியில் நின்றுவிடும் என்று உனக்கே தெரியும். அதனால் எழுதுகிறேன். முப்பத்தோரு வருடம் மாடுகளுக்கு நோய்க்குறிப்பு எழுதிய கை இது. எண் போடாமல் எழுத வராது. சொல்லப்போவது இவ்வளவுதான்:

1. நீ எக்கோ எடுக்க வேண்டும், கல்யாணத்துக்கு முன்பே.
2. சுப்புத்தாயின் பசுவைப் பற்றி. அதை ஏன் சொல்கிறேன் என்பது போகப்போகத் தெரியும்.
3. உன் அம்மாவுக்குத் தன் நோய் தெரியாது. தெரிந்திருக்க வேண்டியவன் நான்.
4. அவள் செத்தது தேரோட்டத்தன்று நீ ஓடியதால் அல்ல.
5. கோதையிடம் என்ன சொல்வது.

வரிசை மாறினால் பொறுத்துக்கொள். வயதாகிவிட்டது.

எண்பத்து நாலில் நாம் ராஜபாளையம் குவார்ட்டர்ஸில் இருந்தது உனக்கு நினைவிருக்கும். முன்பக்கம் கால்நடை மருந்தகம், பின்பக்கம் வீடு. நடுவில் ஒரு வேப்பமரம். அதன் அடியில்தான் மாடுகளைக் கட்டுவார்கள். சமையலறை ஜன்னல் அந்தப் பக்கம் இருந்ததால் உன் அம்மா கறி நறுக்கிக்கொண்டே என் வைத்தியம் முழுவதையும் கேட்பாள். அந்தத் தை மாதம் சுப்புத்தாயி என்று ஒரு பெண் தன் பசுவை ஓட்டிக்கொண்டு வந்தாள். பஞ்சு அரைவை மில்லுக்குப் பின்னால் குடிசை. மில்லில் கூட்டித் தள்ளுகிற பருத்திக்கொட்டையை அள்ளி வந்து மாட்டுக்கு வைப்பாள். நல்ல கறவை. ஆனால் அன்று முன்னங்கால் முழங்கை இரண்டையும் வெளிப்பக்கம் அகட்டிக்கொண்டு, முதுகை வளைத்துக்கொண்டு நின்றது.

“நாலு நாளா தண்ணி குடிக்க மாட்டேங்கு அய்யா. பள்ளத்துல எறங்குன்னா நின்னுக்கிடுது. எம் மாமியாகூட இம்புட்டு அழிச்சாட்டியம் பண்ணதில்ல” என்றாள் சுப்புத்தாயி.

நான் என் வழக்கப்படி ஒவ்வொன்றாகப் பார்த்தேன். காய்ச்சல் பார்த்தேன். தோளுக்குப் பின்னால் முதுகை அழுத்தினேன், மாடு முனகியது. ஸ்டெதஸ்கோப்பை இடது முழங்கைக்குப் பின்னால் வைத்துக் கேட்டேன். துடிப்பு தெளிவாக இல்லை. பாதி நிறைந்த குடத்தைத் தூக்கிக்கொண்டு யாரோ நடப்பதுபோல் ஒரு சத்தம். திரும்பவும் கேட்டேன். பிறகு புத்தகத்தை எடுத்துப் பார்க்கலாமா என்று நின்றேன். சுப்புத்தாயிக்குப் பொறுமை போய்விட்டது.

“எல்லாத்தையும் தொட்டுப் பாத்துட்டிய, வாயத் தொறந்து ஒண்ணும் சொல்ல மாட்டேங்கிறிய. அந்த மாடுகிட்ட அனுமதி கேட்டுட்டுத்தான் பேசுவியளோ?”

ஜன்னலுக்குள் உன் அம்மா சிரித்தது எனக்குக் கேட்டது. எனக்கு ரோஷம் வந்துவிட்டது. அன்று ஒரு நாள் மட்டும் நான் தயங்காமல் பேசினேன். மாட்டின் கழுத்தை நிமிர்த்திப் பிடித்து, “இங்க பாரு. கழுத்து நரம்பு கயிறு மாதிரி பொடச்சு நிக்குது பாரு. விரல வச்சாத் துடிக்குது. கொட்டையோட கம்பித் துண்டும் உள்ள போயிருக்கும். பஞ்சுப் பொதி கட்டுற கம்பி. அது வயித்துல இருந்து நெஞ்சைக் குத்திருச்சு. நெஞ்சு விரிய முடியல, திரும்பி வர்ற ரத்தம் உள்ள போக வழியில்லாம கழுத்துல தேங்கி நிக்குது. இந்த நரம்பு இப்படித் தெரிஞ்சுதுன்னா அம்புட்டுதான். அதுக்கு மேல ஒண்ணும் செய்ய முடியாது” என்றேன்.

“மருந்து, ஊசி எதுவும்?”

“வேதனைய நீட்டிக்கிறதுதான் மிச்சம்.”

சுப்புத்தாயி வேப்பமரத்தடியிலேயே உட்கார்ந்துவிட்டாள். “நாலு மாசக் கன்னு இருக்கே அய்யா” என்று மட்டும் சொன்னாள். உன் அம்மா வெளியே வந்து அவளுக்கு மோர் கொடுத்தாள். பசுவின் கழுத்தைச் செத்த நேரம் பார்த்துக்கொண்டு நின்றாள். “தொட்டுப் பாக்கட்டுமா?” என்று கேட்டாள். நான் அவள் விரலைப் பிடித்து அந்த நரம்பின்மேல் வைத்துக் காட்டினேன். எனக்கு அன்று பெருமையாகக்கூட இருந்தது என்பதை மறைக்காமல் எழுதுகிறேன். பதினெட்டாம் நாள் பசு செத்தது. அறுத்துப் பார்த்தபோது விரல் நீளக் கம்பி, நான் சொன்ன இடத்தில் இருந்தது. அதைக் கழுவி ஒரு மருந்துக் குப்பியில் போட்டு வைத்தேன். இப்போதும் என் மேசைமேல் இருக்கிறது. நீ சின்ன வயதில் அதைக் குலுக்கி விளையாடுவாய்.

அந்த வருடக் கடைசியில் எனக்கு ஸ்ரீவில்லிபுத்தூருக்கு மாற்றல் வந்தது. தேரடிக்குப் பக்கத்தில் ஒரு மாடி வீடு எடுத்தோம். இருபத்து மூன்று படி. அந்தப் படிகளை நீ மறந்திருக்க மாட்டாய். பன்னிரண்டாம் படியில் திரும்புகிற இடத்தில் அம்மா உன்னை நிறுத்துவாள். “பதினாறாம் வாய்ப்பாடு சொல்லு. சொன்னாத்தான் மேல விடுவேன்.” நீ ஓரிடத்தில் தடுமாறினால் முதலிலிருந்து ஆரம்பிக்கச் சொல்வாள். கைப்பிடிச் சுவரில் சாய்ந்துகொண்டு கண்ணை மூடிக் கேட்பாள். கணக்கில் நீ கெட்டிக்காரன் ஆனதற்கு அந்தப் படிதான் காரணம் என்று உன் சிநேகிதர்களிடம் சொல்வாயாமே. கீழ் வீட்டு மாமி வெளியே வந்தால் மாமியிடம் நின்று பேசுவாள். மாமி இல்லாவிட்டால் பால்காரனிடம் பேசுவாள். “உங்கம்மாவுக்குப் படியில கால் வச்சாத்தான் ஊர்க்கதை ஞாபகம் வரும்” என்று நான் கேலி செய்திருக்கிறேன். படியேறினால் மூச்சு வாங்குகிறது, அதனால் நிற்கிறாள் என்று எனக்குத் தோன்றவில்லை. ஒரு மாடு மேட்டில் பாதியில் நின்றால் ஏன் என்று கேட்பேன். வீட்டில் இருப்பவள் நின்றால் கதை பேசுகிறாள் என்று எடுத்துக்கொண்டேன்.

வேறு குறிகளும் இருந்தன. இரண்டு தலையணை மூன்றாயிற்று. குரல் கம்மியது. சாயங்காலம் ஆனால் மெட்டியைச் சுற்றி விரல் வீங்கும். கோயில் ஊருக்கு வந்த பிறகு முந்தானையைக் கழுத்தைச் சுற்றி இழுத்துப் போர்த்திக்கொள்ள ஆரம்பித்தாள். பக்தி கூடிவிட்டது என்று நினைத்தேன். தெருமுனை டாக்டர் இழுப்பு என்று மாத்திரை கொடுத்தார். நானும் சரி என்றேன். மனித வைத்தியத்தில் மூக்கை நுழைக்க எனக்கு என்ன தகுதி என்ற எண்ணம் எனக்கு எப்போதும் உண்டு. ஒரே ஒரு முறை, அவள் இருமலோடு படுத்திருந்தபோது, ஸ்டெதஸ்கோப்பை ஸ்பிரிட் போட்டுத் துடைத்து எடுத்துக்கொண்டு பக்கத்தில் போனேன். எழுந்து உட்கார்ந்துகொண்டாள்.

“மாட்டுக்கு வச்சத எனக்கு வைக்கிறியளாக்கும்? நான் என்ன மடி வத்திப் போயா கெடக்கேன்?”

நீயும் சிரித்தாய், நானும் சிரித்தேன். மடித்துப் பெட்டியில் வைத்துவிட்டேன். அவள் இருதயத்துக்கும் என் காதுக்கும் நடுவே ஒரு முழ ரப்பர் குழாய்தான் இருந்தது. பன்னிரண்டு வருடம் சேர்ந்து வாழ்ந்தும் அதை நான் ஒரு தடவைகூடக் கேட்கவில்லை.

இனி நாலாவது. இதை உனக்கு எப்போதோ சொல்லியிருக்க வேண்டும். எண்பத்தாறு ஆடிப்பூரத் தேர். உனக்குப் பதினொரு வயது. வடத்தைத் தொட்டுவிட்டு வருகிறேன் என்று கூட்டத்துக்குள் ஓடினாய். “ஏலே, ரங்கா! நில்லுலே!” என்று அம்மா பின்னால் ஓடினாள். ஐம்பது அறுபது அடி இருக்கும். உன் சட்டைக் காலரைப் பிடித்துவிட்டாள். பிடித்தபடியே ஒரு பால்கோவாக் கடைப் படியில் உட்கார்ந்தாள். “நீங்க முன்னால போங்க. செத்த நேரம் இருந்துட்டு வாரேன்” என்றாள். உதடு நீலமாக இருந்தது. மதுரை பெரியாஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். மூன்று நாள் இருந்தாள். ஆறு மாதம் கழித்து நீ என்னிடம் கேட்டாய்: “நான் ஓட வச்சதாலதானாப்பா?” நான் தினசரியை மடித்து வைத்துவிட்டு, “போய்ப் படி” என்றேன். எனக்கு அழுகை வந்துவிடும் என்று பயந்து அப்படிச் சொன்னேன். அதை நீ ஆமாம் என்று எடுத்துக்கொண்டாய் என்பது, அதன் பிறகு எந்த வருடமும் தேர் பார்க்க நீ வராததிலிருந்து எனக்குத் தெரிந்தது. தெரிந்தும் பேசவில்லை.

இப்போது பதில் சொல்கிறேன். இல்லை. உன்னால் இல்லை. மதுரையில் அந்த டாக்டர் படம் போட்டுக் காட்டினார். இடப்பக்கம் மேல் அறைக்கும் கீழ் அறைக்கும் நடுவே ஒரு வால்வு. சின்ன வயதில் தொண்டைப் புண்ணும் மூட்டு வலியுமாக ஒரு காய்ச்சல் வந்து போயிருக்கும். அந்தக் காய்ச்சல் போகும்போது வால்வில் தழும்பை விட்டுப் போகும். தழும்பு இறுகி இறுகி, இரண்டு விரல் நுழையும் வழி ஒரு கீறல் அளவுக்குக் குறுகிப்போகும். அதற்கு இருபது வருடம் ஆகும். அறுபது அடி ஓட்டத்தில் ஆவதில்லை. அன்று நீ ஓடாமல் இருந்திருந்தால், இன்னொரு நாள் இருபத்து மூன்று படியில் ஏதோ ஒரு படி அதைச் செய்திருக்கும்.

அந்த டாக்டர் என்னைக் கேட்டார்: “ரெண்டு வருஷம் முன்னாடி கொண்டுவந்திருந்தா வால்வைத் திறந்து விட்டிருக்கலாமே. இங்கயே செய்றோமே. கழுத்து நரம்பைப் பாத்தாலே தெரியுமே, யாரும் கவனிக்கலையா? நீங்க என்ன வேலை பாக்கிறீங்க?” சர்க்கார் உத்தியோகம் என்றேன். எந்த இலாகா என்று சொல்லவில்லை.

உன்னுடைய சங்கதிக்கு வருகிறேன். அம்மா போன மறு வருடம் உனக்குத் தொண்டை வலியும் காய்ச்சலும் வந்தது. பிறகு முழங்கால் வீங்கியது. அது வடிந்ததும் மணிக்கட்டு வீங்கியது. இந்த முறை நான் தாமதிக்கவில்லை, மதுரைக்கே கொண்டுபோனேன். மூன்று வாரத்துக்கு ஒரு பென்சிலின் ஊசி, இருபத்தைந்து வயது வரையாவது போட வேண்டும் என்றார்கள். ஒரு நோட்டில் தேதி போட்டு வைத்தேன். கிருஷ்ணன்கோவில் பக்கம் கல்லூரி விடுதிக்குப் போகும்போது நோட்டையும் கொடுத்துவிட்டேன். முதல் வருடக் கடைசியில் நீ ஊருக்கு வந்தபோது எடுத்துப் பார்த்தேன். ஏழு மாதம் காலி. உன்னைக் கேட்டால் நீ கோபப்படுவாய், கோபப்பட்டால் வீட்டுக்கு வருவதை நிறுத்திவிடுவாய் என்று நினைத்தேன். நோட்டை இருந்த இடத்திலேயே வைத்தேன். இன்று கம்பெனி டாக்டருக்குக் கேட்ட சத்தத்தில் அந்த ஏழு மாதமும் அதற்குப் பிந்தைய வருடங்களும் இருக்கக்கூடும். இல்லாமலும் இருக்கலாம். எனக்குத் தெரியவில்லை.

அஞ்சாவதை யோசித்து யோசித்து நிறைய எழுதி வைத்திருந்தேன். சம்பந்தி வீட்டாரிடம் யார் சொல்வது, எப்போது சொல்வது என்றெல்லாம். சென்ற வாரம் மம்சாபுரத்துக்குப் பத்திரிகை மாதிரியைக் காட்டப் போனபோது கோதையே காபி கொண்டுவந்து வைத்துவிட்டு, “மாமா, அவிய சட்டைப் பித்தானை மேல வரைக்கும் போட்டுக்கிட்டு போட்டோ அனுப்பியிருக்காவ. பம்பாய்ல அம்புட்டுக் குளிரா?” என்று கேட்டுச் சிரித்தாள். நான் அவளுக்குப் பதில் சொல்ல வாயைத் திறந்தேன். உன் அம்மா முந்தானையைப் போர்த்திக்கொண்டு நிற்பது நினைவுக்கு வந்து, காபி டம்ளரை எடுத்துக்கொண்டேன். ஏன் அந்த நேரத்தில் அது நினைவுக்கு வந்தது என்று பஸ்ஸில் வரும்போதும் புரியவில்லை.

இங்கே வரைக்கும் நேற்று எழுதினேன். இன்று காலை மறுபடி படித்தபோது மூன்றாவதைப் பற்றி எழுதிய இடத்தில் நின்றேன். பீரோவைத் திறந்து உன் அம்மாவின் போட்டோக்களை எடுத்தேன். அவை ஆறுதான். வருட வரிசையில் மேசைமேல் பரப்பினேன். கல்யாணத்தில் எடுத்தது. உன்னைக் கைக்குழந்தையாக வைத்திருப்பது. மருந்தகத்து ஜீப்புக்குப் பக்கத்தில் நிற்பது. அது எண்பத்து மூன்று தீபாவளி. இந்த மூன்றிலும் முந்தானை தோளோடு நிற்கிறது, கழுத்து தெரிகிறது. ஜீப் போட்டோவைப் பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தேன். கழுத்தில் வலப்பக்கம் ஒரு கோடு. அது நிழலாகவும் இருக்கலாம். அடுத்த மூன்றில் முதலாவது எண்பத்து நாலு சித்திரையில் நாம் ராஜபாளையத்தில் இருந்தபோதே எடுத்தது. வெயிலில் நிற்கிறோம். முந்தானை கழுத்தைச் சுற்றியிருக்கிறது. மற்ற இரண்டிலும் அப்படியே. கோயில் ஊருக்கு வந்த பிறகு அல்ல ரங்கா. சுப்புத்தாயின் பசு செத்த பிறகு.

ஆஸ்பத்திரியில் இரண்டாம் நாள் அவள் என்னிடம் கேட்டது ஒன்று உண்டு. அதை இதுவரை யாரிடமும் சொன்னதில்லை, சொல்லும்படி அதில் ஒன்றும் இல்லை என்று நினைத்திருந்தேன். “சுப்புத்தாயி மாடு, நீங்க பாத்த பொறவு எம்புட்டு நாள் இருந்துச்சு?” என்றாள். காய்ச்சலில் எதையோ கேட்கிறாள் என்று நினைத்து, “பதினெட்டு நாள்” என்றேன். அவள் சிரித்தாள். “நான் அத ஜெயிச்சுட்டேன்” என்றாள். அதையும் காய்ச்சல் என்றே நினைத்தேன்.

வேப்பமரத்தடியில் நான் மாட்டுக்குச் சொன்ன தீர்ப்பை அவள் தனக்குச் சொன்னதாக எடுத்துக்கொண்டாள். நரம்பு தெரிந்தால் அம்புட்டுதான் என்று நான் சொன்னேன். நானே அவள் விரலைப் பிடித்து அந்தத் துடிப்பின்மேல் வைத்தேன். அதற்குப் பிறகு அவள் கண்ணாடி முன்னால் நின்று தன் கழுத்தில் விரலை வைத்துப் பார்த்திருப்பாள். ஒன்றும் செய்ய முடியாததை ஏன் சொல்ல வேண்டும் என்று முந்தானையை இழுத்துப் போர்த்தியிருப்பாள். படியில் நின்று உனக்கு வாய்ப்பாடு சொல்லிக்கொடுத்திருப்பாள். நெஞ்சில் கம்பி பாய்ந்த பசுவுக்கு வழியில்லை. வால்வு குறுகிய மனுஷிக்கு நாற்பத்தைந்து மைலில் மதுரையில் வழி இருந்தது. இரண்டும் வேறு வேறு என்று யாராவது அவளுக்குச் சொல்லியிருக்க வேண்டும். தினமும் நூறு முறை ‘இருக்கலாம்’, ‘தெரியவில்லை’ என்று சொல்கிறவன் நான். ஒரே ஒரு முறை உறுதியாகச் சொன்னேன். அதை அவள் நம்பிவிட்டாள்.

அதனால் முதலாவதைப் பற்றி இப்போதும் எதையும் உறுதியாகச் சொல்லமாட்டேன். உன் நெஞ்சில் இருப்பது என்ன என்று எனக்குத் தெரியாது. உனக்கும் தெரியாது. ‘எனக்கு ஒண்ணும் இல்லப்பா’ என்று நீ எழுதிய வரியின் குரல் எனக்குப் பழக்கமான குரல். மேல் பித்தானைக் கழற்றிவிட்டுப் போய், அவர்களை உன் நெஞ்சைக் கேட்கவிடு. கோதையிடம் என்ன சொல்வது என்று எழுதி வைத்திருந்ததைக் கிழித்துவிட்டேன். அவளுக்கு ஒரு கடிதம் போட்டு உள்ளதை எழுது. அவள் என்ன சொன்னாலும் சொல்லட்டும். அவளாவது தெரிந்துகொண்டு உன் பக்கத்தில் நடக்கட்டும்.

முதல் பக்கத்தில் எண் போட்டதை அடித்துத் திருத்தலாமா என்று பேனாவை எடுத்தேன். திருத்தவில்லை, நீ பார்க்கட்டும் என்று விட்டுவிட்டேன். மூன்றாவது தவறு. உன் அம்மாவுக்குத் தெரியும். அந்த வீட்டில் தெரியாமல் இருந்தவன் நான்தான்.

அப்பா